மூன்றாவது குழி யாருக்கு?

மூன்றடி மண்ணுக்குக் கீழே இருநூறு மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற கேபிளில், ஊசி குத்தின அளவுக்கு ஒரு ஓட்டை. அது எந்த இடத்தில் இருக்கிறது, அடி பிசகாமல் சொல்லுங்கள் என்று உங்களை யாராவது கேட்டிருக்கிறார்களா? என்னை வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். தரைக்கடியில் போகிற மின்சாரக் கேபிளில் பழுது எங்கே என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. வைத்தியர் வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, வைத்தியரிடம் வருகிறவர் “இந்தா, இங்கனதான் வலிக்குது” என்று கையை வைத்தாவது காட்டுவார். கேபிள் வாயே திறக்காது.

அளவு ரவிக்கை கொடுத்துத் தைக்கச் சொல்லியும், திரும்பி வந்ததற்குள் கையை நுழைக்க முடியாமல் கண்ணாடி முன்னால் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

எங்கள் கம்பெனி சின்னது. ஒரு வேன், அதில் மூன்று பேர். சூப்பர்வைசர் தவமணி அண்ணன், இருபது வருஷமாக இதே வேலை. குழி தோண்டுகிறவர் பேச்சியக்கா. கடப்பாரைக்கும் வாய்க்கும் ஒரே கூர்மை. மூன்றாவது ஆள் நான், ஈஸ்வரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது, பிறகு ஐ.டி.ஐ., பிறகு கல்யாணம், பிறகு கயல். கயலுக்கு இப்போது நாலு வயசு, பால்வாடிக்குப் போகிறாள்.

வேனில் ஒரு வழக்கம் உண்டு. அளந்து முடித்தவர், பழுது இங்கேதான் என்று சுண்ணாம்புப் பொடியால் தரையில் பெருக்கல் குறி போட வேண்டும். பேச்சியக்கா அங்கே தோண்டுவார். பழுது அகப்பட்டால் எல்லாருக்கும் டீ. அகப்படாவிட்டால், குறி போட்டவர்தான் அந்தக் குழியை மூட வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி. இது போக எனக்கென்றே ஒரு விதி. இந்த வேலைக்கு வருமுன் இரண்டு வருஷம் குடோனில் இருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேபிள் உருளைகளில் சீட்டு ஒட்டுகிற வேலை. சித்திரை மாசம் அங்கே நானும் காய்ந்தேன், பசையும் காய்ந்தது. கெஞ்சிக் கூத்தாடித்தான் வெளிவேலைக்கு வந்தேன். வேனில் ஏறின முதல் நாளே அண்ணன் சொல்லிவிட்டார்: “வா தாயி. ஆனா வெறுங்குழி மூணு விழுந்துச்சுன்னா நேரா குடோனுக்குத்தான். எண்ணிக்க.”

கோலத்து மேல் குறி

முதல் குழி வில்லாபுரத்தில் விழுந்தது. எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது. கேபிளின் ஒரு முனையில் மாட்டினால் உள்ளே ஒரு துடிப்பை அனுப்பும். பழுதான இடத்தில் அது முட்டித் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்து, இத்தனை மீட்டர் என்று திரையில் காட்டும். கிணற்றுக்குள் கூப்பாடு போட்டுவிட்டுத் திரும்பி வருகிற குரலுக்குக் காத்திருப்போமே, அந்த மாதிரி. பெட்டி ஐம்பத்து நாலு மீட்டர் என்றது. நானும் அளவுச் சக்கரத்தைத் தெருவில் உருட்டிக்கொண்டே போனேன். சரியாக ஐம்பத்து நாலில் சக்கரம் ஒரு வீட்டு வாசலில், பதினைந்து புள்ளிக் கோலத்து மேல் போய் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குறி போட்டேன்.

பேச்சியக்கா தோண்டினார். உள்ளே கேபிள் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. அண்ணன் தெருமுனைக்குப் போய், கேபிள் கிளம்புகிற மின்கம்பத்தின் காலடியைக் கிளறச் சொன்னார். அங்கே ஒன்பது மீட்டர் கேபிள் மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று பதித்தவர்கள் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டி கேபிளை அளக்கிறது, தெருவை அளக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. பழுது ஒன்பது மீட்டர் முன்னாலேயே, யார் வாசலும் இல்லாத காலி இடத்தில் நிம்மதியாக இருந்தது.

நான் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தேன். கோலம் போட்ட அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குழியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “குழி நல்லாத்தான் இருக்கு. வீணா மூடாத, அப்படியே ஒரு முருங்கைப் போத்தை ஊண்டிட்டுப் போ.”

வெள்ளிக்கிழமை நோய்

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு அரிசி மில். அங்கே கேபிளுக்கு விசித்திரமான வியாதி. வாரம் பூராவும் நன்றாக இருக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் மெயின் சுவிட்ச் தானாக விழும். மில்காரர் ஜாதகம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். கரண்டை நிறுத்திவிட்டு, மெக்கரை மாட்டினேன். கேபிளின் உறை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று சொல்கிற கருவி அது. நம்பர் கூடக் கூட நல்லது. நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று கூடக் காட்டவில்லை. கேபிளே போச்சு, மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. களம் முழுக்க நெல் காய்கிறது. அதைத் தோண்ட வேண்டும் என்றால் மில்காரர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். மணம். டார்ச் அடித்துப் பார்த்தால், கேபிள் முனை மூன்றுக்கும் மூன்று பொட்டு! வெள்ளிதோறும் விடிந்ததும் மெயினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, சந்தனத்தைப் பன்னீரில் தளரக் குழைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் மில்லை ஓட்டுவார்களாம். சந்தனம் வழிந்து மூன்று முனையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. ஈரம் காய்கிற வரைக்கும் கரண்டுக்கு அது ராஜபாட்டை. கயலின் பழைய பருத்திச் சட்டை ஒன்று என் பைக்குள் எப்போதும் இருக்கும். அதை வைத்து ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் காய விட்டு, மறுபடி அளந்தேன். முள் ஐந்நூறைத் தாண்டிப் போனது. இனிமேல் பொட்டை மூடிக்கு மேலே வையுங்கள் என்றேன். மில்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்: “சாமி மேல தப்பு இல்லைன்னு ரிப்போட்டுல தெளிவா எழுதிரும்மா. அம்புட்டும் சந்தனம் பாத்த வேலை.”

கல்யாண வீடியோவில் நான்

சந்தனத்தைக் கண்டுபிடித்த கெத்தில் ஒரு மாசம் சுற்றினேன். அடுத்த குழி அதற்காகவே காத்திருந்தது. அவனியாபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மத்தியானம் கேபிள் அவுட். நூற்றிருபது மீட்டர் கேபிள். பெட்டியை மாட்டினேன், அறுபத்து மூன்று என்றது. இந்தத் தடவை ஏமாறுவேனா? சுருள் கிருள் கிடக்கிறதா என்று இரண்டு முனையிலும் கிளறிப் பார்த்தேன், இல்லை. சக்கரத்தை உருட்டினேன். வாசலில் கட்டின இரண்டு வாழை மரங்களுக்கும் நட்டநடுவில் போய் நின்றது. குறி போட்டேன். பேச்சியக்கா தோண்டினார். வெறுங்குழி.

துடிப்பு எல்லாக் கேபிளிலும் ஒரே வேகத்தில் ஓடாது. எண்ணெய்த் தாள் சுற்றின பழைய கேபிளில் ஒரு வேகம், இப்போது வருகிற பிளாஸ்டிக் உறைக் கேபிளில் இன்னொரு வேகம். எந்தக் கேபிளோ அந்த வேகத்தை முதலில் பெட்டியில் வைக்க வேண்டும். நான் முந்தின நாள் அளந்த பழைய கேபிளின் வேகத்தை மாற்றாமல் அப்படியே அளந்திருக்கிறேன். “அந்தக் கடைசியில இருந்தும் அளந்தியா?” என்றார் அண்ணன். ஓடிப்போய் அளந்தேன். நாற்பத்தைந்து. இரண்டையும் கூட்டினால் நூற்றெட்டு. நூற்றிருபது மீட்டர் கேபிள் பன்னிரண்டு மீட்டர் சுருங்கிப் போயிருந்தது! ஆரம்பத்திலேயே கூட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வேகத்தைச் சரி செய்ததும் எழுபது என்று வந்தது. அங்கே பழுது தயாராக இருந்தது.

விளக்கு எரிந்துவிட்டது. ஆனால் என் குழியை நான்தானே மூட வேண்டும்? பாதி மூடும்போதே நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கிவிட்டார். நான் முழங்கால் வரைக்கும் மண்ணோடு, வாழை மரத்தடியில் நிற்கிறேன். ஒதுங்கவும் இடமில்லை. வீடியோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கெஞ்சினார்: “அக்கா, மம்பட்டியை மட்டும் கீழ வச்சிட்டுக் கொஞ்சம் சிரிங்க. மாப்ளைக்குப் பின்னாடி நீங்கதான் தெரியுறீங்க.”

கூட்டிப் பார்க்கும் புத்தி

இரண்டு குழி முடிந்தது. மீதி ஒன்றுதான். பயத்தில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதையும் இரண்டு முனையிலிருந்தும் அளக்காமல் விடுவதில்லை. கயல் “சோறு பூராவும் சாப்பிட்டேன்” என்பாள். பால்வாடி டீச்சரிடம் தனியாகக் கேட்பேன். “பாதி” என்பார். மீதிப் பாதி எங்கே போனது என்று தேடினால், வாசலில் பால்வாடி நாய் குண்டாகப் படுத்திருக்கும். பழுது அகப்பட்டுவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறார். நான் நாயைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஏன்டி, எங்க மொதலாளிக்கும் போன் போட்டு என் சம்பளத்தை விசாரிச்சுக் கூட்டிப் பாத்தியா?”

தண்ணி பார்த்த கதை

பெட்டி சொல்வது கிட்டத்தட்டத்தான். கடைசி ஒரு மீட்டரைக் காதுதான் சொல்ல வேண்டும். கேபிளுக்குள் விட்டு விட்டு ஒரு உதை கொடுக்கிற மெஷின் ஒன்று அப்போதுதான் எங்கள் வேனுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு உதைக்கும் பழுதான இடம் மண்ணுக்குள் ‘டொப்’ என்று சத்தம் போடும். தரையில் மைக்கை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்க வேண்டும். கீழக்குயில்குடி ரோட்டோரம் நான் அப்படி நகர்ந்து நகர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடையிலிருந்து எழுந்து வந்த ஒரு பெரியவர், “என்னத்தா கேக்குற?” என்றார். அன்றைக்கு ஏனோ என் நாக்கு சும்மா இருக்கவில்லை. “தண்ணி ஓட்டம் பாக்குறேன்யா” என்றேன்.

பத்தே நிமிஷம். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு தட்டே கொண்டு வந்துவிட்டார், தன் தோட்டத்தில் போர் போட இடம் குறித்துத் தரச் சொல்லி. அண்ணன் வேனிலிருந்து முறைத்தார். பேச்சியக்கா வாழைப்பழத்தைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு உண்மையைச் சொன்னேன். தட்டோடு வந்தவர் தட்டை நகர்த்தாமலே கேட்டார்: “சரி, தண்ணி கெடக்கட்டும். கரண்டாவது இன்னைக்கு வருமா, அதைச் சொல்லிட்டுப் பழத்தை எடு.”

ஆறு மீட்டர் வளர்ந்த கேபிள்

போன மாசம் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போனோம். காலையில் கேபிள் போய்விட்டது. ஜெனரேட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை, அதுவும் அதே கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். ஐந்து மணிக்குச் சாயங்காலப் பால் வந்துவிடும் என்று மேனேஜர் கேட்டுக்கும் ஆபீசுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். உதை மெஷினும் உதவாது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் போயிருந்தன. ஒட்டின பழுது எத்தனை உதைத்தாலும் சத்தம் போடாது. அளவை மட்டுமே நம்ப வேண்டும்.

அண்ணன் டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து அளந்தார், எண்பத்திரண்டு. நான் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மறுமுனையிலிருந்து அளந்தேன், அறுபத்து நாலு. கூட்டினேன். நூற்று நாற்பத்தாறு. கேபிள் உறை மேல் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும். இந்த முனை எண்ணையும் அந்த முனை எண்ணையும் கழித்துப் பார்த்தால் சரியாக நூற்று நாற்பதுதான். பெட்டியில் வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், சரி.

“அண்ணே, கேபிள் ஆறு மீட்டர் வளந்திருக்கு.”

“ஒன் பக்கம் வளந்திருக்கும்.”

டிரான்ஸ்பார்மர் பக்கம் ஓடினேன். அங்கே வாசல் குறுகல், வேன் உள்ளே வராது. அதனால் அண்ணன் பெட்டியை வேனிலேயே வைத்துக்கொண்டு, நீலக் கம்பி ஒன்றை நீட்டிப்புக்குப் போட்டு மாட்டியிருந்தார். துடிப்புக்குக் கேபிள் எது, நீட்டிப்புக் கம்பி எது என்று தெரியுமா? இரண்டிலும்தான் ஓடும். அந்த நீளத்தைக் கழித்தாக வேண்டும்.

“நீலக் கம்பியைக் கழிச்சீகளாண்ணே?”

“கழிச்சாச்சு, கழிச்சாச்சு. நீ பொறக்குறதுக்கு... சரி விடு. கழிச்சாச்சு.”

அவர் கழித்திருந்தால் தப்பு என் பக்கம். மூன்றாவது குழி என்னுடையது. திரும்பிப் போய் மறுபடி அளந்தேன். அறுபத்து நாலு. கம்பி முனையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இன்னொரு தடவை. அறுபத்து நாலேதான். அண்ணன் தன் இடத்தில் குறி போட்டுவிட்டார். என் இடம் அதற்கு ஆறு மீட்டர் டிரான்ஸ்பார்மர் பக்கம். சுண்ணாம்புப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேசாமல் இருந்துவிட்டால் எனக்கு ஒன்றும் போகாது, அவர் குழி அவரோடு. ஆனால் பால் வண்டி ஐந்து மணிக்கு வந்துவிடும். “போட்டுக்க,” என்றார் அண்ணன், “ஆனா இது மூணாவது. ஞாபகம் இருக்கட்டும்.” தகரக் கூரை கண் முன்னால் வந்தது. போட்டுவிட்டேன்.

பேச்சியக்கா இரண்டு குறியையும் மாறி மாறிப் பார்த்தார். “குறி ரெண்டு போட்டுட்டீக. எனக்கு முதுகு ஒண்ணுதான். எதைத் தோண்ட?” மரியாதைக்கு அண்ணன் குறியைத்தான் முதலில் தோண்டினார். கேபிள் வழுவழுவென்று இருந்தது. “இன்னும் ஒரு அடி அங்கிட்டு,” என்றார் அண்ணன். தோண்டினார். “இன்னும் ஒரு அடி.” தோண்டினார். அங்கிட்டு என்றால் என் குறிக்கு எதிர்ப்பக்கம். குழி நீண்டு வாய்க்கால் ஆகிவிட்டது, தண்ணீர் விடாததுதான் பாக்கி. பேச்சியக்கா வியர்வையைத் துடைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் என் குறிக்கு நடந்து வந்தார்.

அரை அடியில் கடப்பாரை ‘ணங்’ என்றது. கல்லோ என்று எட்டிப் பார்த்தேன். கையால் மண்ணை வழித்தார். திறப்பு விழாப் பந்தலுக்கு அடித்த இரும்பு முளை. பிடுங்க முடியாமல் தலையோடு மண்ணுக்குள் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் தோண்டினால், அதன் நுனி கேபிளின் வயிற்றுக்குள் இருந்தது, சுற்றிலும் கரிக்கட்டை வாடையோடு. பேச்சியக்கா குழிக்குள்ளிருந்தே ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்: “ஏத்தா ஈஸ்வரி, குடோனுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு!”

வெட்டி, இணைப்புப் போட்டு, மெக்கரில் பார்த்து, நாலரைக்கெல்லாம் கரண்டு கொடுத்துவிட்டோம். பால் வண்டி பின்னாலேயே வந்தது. அண்ணன் வேனுக்குப் பக்கத்தில் நீலக் கம்பியை நீட்டிப் போட்டு, அளவுச் சக்கரத்தை அதன் மேல் ஒரு தடவை உருட்டினார். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன், ஆறு மீட்டர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மம்பட்டியோடு வாய்க்கால் பக்கம் போனார். பேச்சியக்கா டீ கிளாஸோடு எதிரே உட்கார்ந்துகொண்டு, “நல்லா மிதிச்சு மூடுங்கண்ணே, மழை வந்தா உள்வாங்கிரும்” என்று மேற்பார்வை பார்த்தார்.

இத்தனை கேபிளை அளந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மண்ணுக்குள் இருக்கிற பழுது இரண்டு பக்கமும் அளந்தால் அகப்பட்டுவிடும், அளக்கிறவர் கையில் இருக்கிற ஆறு மீட்டர்தான் லேசில் அகப்படாது.

மூடிக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று நிமிர்ந்து கேட் பக்கம் பார்த்தார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மேனேஜர் இங்கிட்டுத்தான் வாராரு. இந்தக் குழி என்னன்னு கேட்டா, முருங்கைப் போத்து வைக்கத் தோண்டுனதுன்னு சொல்லிரு தாயி.”